மூன்றாவது பேஸில் நின்றவன்

இந்தக் காலத்தில் எதற்கெடுத்தாலும் பக்கத்தில் ஒருவன் நின்று சொல்ல வேண்டியிருக்கிறது. நாற்று நடுகிறவளுக்கு இந்தக் கையை வை, அந்தக் காலைத் தூக்கு என்று யாரும் சொன்னதில்லை. என் மகள் அம்சவல்லி ஆடுகிற பேஸ்பாலில் பந்தை அடித்துவிட்டு நாலு மூலையில் இருக்கிற நாலு பேஸையும் சுற்றி வந்தால் ஒரு ஓட்டம். அதற்கு ஒன்பது பெண்களுக்கு ஐந்து கோச். பந்து எறிய ஒருவர், மட்டை பிடிக்க ஒருவர். முதல் பேஸில் நின்று ஓடு என்று சொல்ல ஒருவர், மூன்றாவது பேஸில் நின்று ஓடவா நிற்கவா என்று சொல்ல இன்னொருவர். இந்த நாலு பேரையும் திட்டுவதற்குத் தலைமைக் கோச் அப்துல் மஜீது.

அன்று திருக்காட்டுப்பள்ளியில் மாவட்ட இறுதி ஆட்டம். ஜெயித்தால் மாநிலப் போட்டி. அந்தச் சான்றிதழ் கிடைத்தால் போலீஸ் வேலைக்கு உதவும் என்று அம்சவல்லி ஒரு வருஷமாக அதே நினைப்பில் இருந்தாள். காலையில் பார்த்தால் மூன்றாவது பேஸ் கோச் பக்கிரியைக் காணோம். குத்தாலத்தில் மச்சினன் கல்யாணமாம்.

மஜீது என்னிடம் வந்தார். "ரெத்தினண்ணே, நீங்க போய் நில்லுங்க."

"எனக்கு இந்த எழவெல்லாம் தெரியாது."

"தெரிய வேணாம். நான் தொப்பியைத் தொட்டா, தோள்ல கெடக்குற துண்டை எடுத்துடுங்க. வர்ற பொண்ணு நிக்காம கடைசி பேஸுக்கு ஓடிடும். எடுக்கலேன்னா உங்ககிட்டயே நின்னுடும். செவப்புத் துண்டு, தூரத்துலயே தெரியும்."

"வாயால சொன்னா என்ன?"

"எதிராளிக்குக் காது இருக்கே."

"கண்ணு இல்லையா?"

அவர் என் முதுகில் கை வைத்துத் தள்ளினார். போய் நின்றேன். இரண்டு தடவை தொப்பியைத் தொட்டார். இரண்டு தடவை துண்டை எடுத்தேன். இரண்டு ஓட்டம். எதிரணியும் இரண்டு எடுத்திருந்தது. கடைசியாக எங்கள் முறை, இன்னும் ஒரே ஓட்டம் வேண்டும். அம்சவல்லி இரண்டாவது பேஸில் நின்றாள்.

அப்போது பார்த்துக் காரில் வந்து இறங்கினார் சிறப்பு விருந்தினர் குஞ்சிதபாதம். எனக்கு நேரே நாற்காலி போட்டார்கள். இவர் அப்பாவின் பண்ணையில்தான் நான் வேலை பார்த்தேன். அவர் வரப்பில் வந்தால் தோள் துண்டு இடுப்புக்கு இறங்க வேண்டும். கூலி கேட்டுக் கொடி பிடித்த வருஷம், இனி இறக்குவதில்லை என்று சொல்லி நின்றோம். அன்றைக்கு வாங்கிய அடி இன்னும் மழைக்கு வலிக்கிறது. மகன் இப்போது கரைவேட்டி கட்டிச் சமூகநீதி பேசுகிறார். பேசட்டும்.

பந்து மட்டையில் பட்டுத் தூரமாகப் போனது. அம்சவல்லி என்னைப் பார்த்து ஓடி வந்தாள். மஜீது தொப்பியைத் தொட்டார். பிறகு தட்டினார். பிறகு கழற்றி விசிறினார்.

என் கை துண்டு வரைக்கும் போனது. குஞ்சிதபாதம் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கை இறங்கிவிட்டது. மகள் பட்ட பாடு தெரியாமல் இல்லை. தெரிந்தும் கை வரவில்லை.

பந்தைப் பொறுக்கிய எதிரணிப் பெண் என் தோளைப் பார்த்தாள். துண்டு இருந்தது. ஆற அமரப் பந்தைத் துடைத்தாள். அம்சவல்லி என்னைப் பார்த்தாள், நாற்காலியைப் பார்த்தாள். "நீ எங்க துண்டை எடுக்கப்போறப்பா" என்று சொல்லிக்கொண்டே நிற்காமல் ஓடிவிட்டாள். பந்து வந்து சேர்வதற்குள் ஆட்டம் முடிந்துவிட்டது.

எதிரணிக் கோச் சண்டைக்கு வந்தார். "துண்டை எடுத்தாத்தானே ஓடணும்? ரெண்டு தடவையும் பாத்து வச்சோமே."

மஜீது என்னைக் கட்டிக்கொண்டார். "என்னா மூளைண்ணே உங்களுக்கு. பக்கிரிக்கு இது ஏழு ஜென்மத்துக்கும் வராது."

குஞ்சிதபாதமும் எழுந்து வந்தார். "அருமையான தந்திரம். வாங்க, நம்மளோட ஒரு போட்டோ எடுத்துக்கலாம்." அவர் வீட்டில் என்னை யாரும் வாங்க என்றதில்லை. தேர்தல் எப்போது என்று யோசித்தேன்.

"அந்தப் பக்கம் வெயிலு. நீங்க எடுத்துக்குங்க" என்றேன்.

மஜீது விடவில்லை. "மாநிலப் போட்டிக்கும் மூணாவது பேஸ் நீங்கதான்."

"அவதான் தானா ஓடிட்டாளே. நான் எதுக்கு?"

"நீங்க நின்ன நிலையைப் பாத்துத்தாண்ணே ஓடினா. அதுக்குப் பேருதான் கோச்சிங்."

சும்மா நிற்பதற்கும் ஒரு பேர் வைத்திருக்கிறார்கள். இதை நம்புவதற்கு வேறு ஆளைப் பார்க்கச் சொல்லிவிட்டு, பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தேன்.