மூக்குக்குக் காவல்

என் வீட்டுக்காரர் சம்பாதிப்பது மூக்கால். கீழே மூன்று மாடியும் தேயிலைக் கம்பெனி, நாலாவது மாடியில் கம்பெனி கொடுத்த வீட்டில் நாங்கள். உலகத்தில் எங்கெங்கோ விளைந்து, நம்மைப் போன்றவர்கள் விலையைக் கேட்டாலே தலைசுற்றிப் போகிற தேயிலையெல்லாம் அந்தக் கட்டடத்துக்கு வந்து இறங்கும். வெயில் படாமல் பந்தலுக்கு அடியில் வளர்த்த ஜப்பான் பச்சைத் தேயிலை, பைன் கட்டைப் புகையில் உலர்த்திய சீனத் தேயிலை, விரியாத மொட்டை மட்டும் கிள்ளியெடுத்த வெள்ளைத் தேயிலை. எதை வாங்கலாம், எதைத் திருப்பி அனுப்பலாம் என்று மோந்து, உறிஞ்சி, துப்பிவிட்டு முடிவு சொல்பவர் இவர். கம்பெனியில் இவருக்குப் பெயரே 'மூக்கு சார்'. முதலாளியம்மாகூட அப்படித்தான் கூப்பிடுவார்.

அந்த மூக்குக்குக் காவல் நான். கல்யாணமாகி வந்த அன்றைக்கே பட்டியல் போட்டுவிட்டார். வீட்டுக்குள் வெங்காயம், பூண்டு வதக்கக் கூடாது. வாசனை சோப்பு, பவுடர், செண்ட் கூடாது. தரை துடைக்கிற தண்ணீரில்கூட மணமாக எதுவும் கலக்கக் கூடாது. ஒருமுறை என் சொந்த அண்ணன் வந்திருந்தபோது, அவன் கோட்டில் அந்துருண்டை நாற்றம் என்று அதைக் கொண்டுபோய் மாடிப்படியில் தொங்கவிட்டார். அண்ணன் அதற்கப்புறம் இந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை.

இருபத்திரண்டு வருடம் இந்த வீட்டில் வேகவைத்த காயும் உப்பும்தான். எங்கள் மகள் கல்லூரி விடுதிக்குப் போன முதல் வாரமே போன் செய்தாள். "அம்மா, மூணு செண்ட் வாங்கியிருக்கேன். மூணையும் ஒண்ணா அடிச்சுக்கிறேன்!" என்றாள். பெற்ற பெண் மேலேயே எனக்குப் பொறாமையாக இருந்தது.

நான் மட்டும் என்ன கல்லா? செவ்வாய்க்கிழமைகளில் அவர் துறைமுகக் கிடங்குக்குப் போனால் மாலை ஆறு மணிக்குத்தான் திரும்புவார். அன்றைக்கு ஒரு வெங்காயம், நாலு பல் பூண்டு. எல்லா ஜன்னலையும் திறந்து வைத்துப் பொன்னிறமாக வதக்கி, நின்றபடியே வாணலியிலிருந்து சாப்பிடுவேன். பிறகு வாணலியை மூன்று தடவை தேய்த்து, தோலை இரண்டு பைகளில் கட்டி, நாலு மாடி இறங்கித் தெருமுனைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு, திரைச்சீலையை ஊறவைப்பேன். கைதேர்ந்த திருடன்கூட இவ்வளவு பக்குவமாக வேலை பார்க்க மாட்டான்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை அவர் பதினொன்றே காலுக்கே வந்து நின்றார். அடுப்பில் வாணலி. நல்லவேளை, மூடி போட்டிருந்தேன். ஆனால் வீடு முழுக்கப் பூண்டு மணம். அவர் சமையலறைக்குள் வந்து, என்னை இடித்துக்கொண்டு நின்று, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார்.

"கப்பல் வரல. சாப்பிட என்ன இருக்கு?" என்று கேட்டுவிட்டு, பேப்பரை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தார்.

பாவம், போனால் போகிறதென்று விட்டுவிட்டாரோ என்று முதலில் நினைத்தேன். அந்த நல்ல எண்ணம் அரை மணி நேரம்கூடத் தாங்கவில்லை. அண்ணன் கோட்டைத் தூக்கி மாடிப்படியில் தொங்கவிட்ட மனிதரா விட்டுவிடுவார்?

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் தூங்கும்போது, ஒரு வெங்காயத்தை இரண்டாக வெட்டி அவர் தலையணை ஓரத்தில் வைத்தேன். மனிதர் அசையவில்லை. குறட்டை சீராக வந்தது. கண் இரண்டிலிருந்தும் நீர் மட்டும் வழிந்தது. தூக்கத்திலேயே துடைத்துக்கொண்டார், மூக்கு ஒன்றும் சொல்லவில்லை.

விழித்தபோது வெங்காயத்தைப் பார்த்தார். கையில் கத்தியோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்த என்னையும் பார்த்தார்.

"எப்போலேர்ந்து?" என்றேன்.

"அந்தக் காய்ச்சல் வந்துச்சே, அதுக்கப்புறம்."

"ஏழு மாசமாவா?"

"யார்கிட்டயும் சொல்லிடாத."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "போன வாரம் என் தலையை மோந்து பாத்துட்டு, சோப்பு மாத்துனியான்னு அதட்டுனீங்களே, அது என்ன கூத்து?"

"கேக்காம இருந்தா உனக்குச் சந்தேகம் வருமேன்னு…" என்றார். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

இலையின் நிறம், சாற்றின் நிறம், பழைய குறிப்பு நோட்டுகள், இவற்றை வைத்தே ஏழு மாதம் ஓட்டியிருக்கிறார். உதவியாளரை முதலில் பேசவிட்டு, அவர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டியிருக்கிறார். குட்டு வெளிப்பட்டால் வேலை போகும், வேலை போனால் மறுமாதமே வீட்டைக் காலி செய்யவேண்டும், மகளுக்கு இன்னும் இரண்டு வருடப் படிப்பு பாக்கி. இதையெல்லாம் அவர் சொல்லச் சொல்ல, என் கோபம் பயமாக மாறியது.

அடுத்த வியாழக்கிழமை பெரிய சோதனை வந்தது. வட்டமாக அழுத்தி, நாற்பது வருடம் பழுக்கவைத்த தேயிலை வில்லைகள், மூன்று வியாபாரிகளிடமிருந்து. இளசான தேயிலையை ஈரத்தில் போட்டு வைத்தாலும் அப்படியே பழசின் நிறம் வந்துவிடுமாம், கண்ணால் கண்டுபிடிக்க முடியாதாம், உதவியாளருக்கும் இந்த வகை பழக்கமில்லையாம். மறுநாள் காலை முதலாளியம்மாவிடம் அசல் பழசைக் கைகாட்ட வேண்டும். சாயங்காலம் மூன்றிலும் ஒவ்வொரு சிட்டிகையை டிபன் பாக்ஸில் மறைத்துக்கொண்டு வந்து, மூன்று கோப்பைகளில் வெந்நீர் ஊற்றினார். கரண்டியால் எடுத்து வழக்கம்போலத் தெருவுக்கே கேட்கும்படி உறிஞ்சினார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. மூன்றாவது கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, மறுபடி முதல் கோப்பையையே எடுத்தார்.

எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. சும்மாதான் குனிந்தேன்.

"இது மழை நாள்ல காயாம மடிச்சு வெச்ச துணி மாதிரி இருக்கு. இது பழைய மரப்பெட்டிய வெயில்ல திறந்து வெச்ச மாதிரி. மூணாவதும் அதே மாதிரிதான், ஆனா அடியில லேசாப் புகை அடிக்குது. எதையோ மறைக்கப் புகை போட்டிருக்காங்க."

அவர் என்னையே பார்த்தார். "இன்னொரு தடவை மோந்து பாரு."

மறுபடியும் அதையே சொன்னேன். கோப்பைகளை இடம் மாற்றி வைத்தார், அப்போதும் அதையே சொன்னேன். அவர் நாற்காலியில் சாய்ந்து, "இத்தனை வருஷமா நீயும் அதே சாப்பாடுதானே…" என்று இழுத்தார். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. அவர் மூக்குக்கு நான் போட்ட காவல் என் மூக்கையும் சேர்த்தே காத்திருக்கிறது.

நான் சொன்னதைத் தாளில் எழுதி, பரீட்சைக்குப் போகிற பிள்ளை போல மனப்பாடம் செய்துகொண்டு போனார். இரண்டாவதைக் கைகாட்டினார். மூன்றாவது வில்லையை உடைத்துப் பார்த்தபோது உள்ளே பூஞ்சை பிடித்திருந்ததாம். "மூக்கு சார்னா மூக்கு சார்தான்!" என்று முதலாளியம்மா எல்லோர் முன்னாலும் கைதட்டினாராம்.

அன்றிலிருந்து காலையில் என் சமையலோடு கீழே போகிற டிபன் பாக்ஸ், மாலையில் தேயிலைப் பொட்டலங்களோடு மேலே வந்தது. சந்தோஷமாக இல்லை என்று சொன்னால் பொய். வெள்ளைத் தேயிலையில் அப்போது நறுக்கிய வெள்ளரிக்காய் மணம். நிழலில் வளர்த்த ஜப்பான் தேயிலையில் கடற்கரைக் காற்று. இத்தனை காலம் என் வீட்டுக்கு அடியிலேயே இதெல்லாம் இருந்திருக்கிறது, எனக்கு யாரும் ஒரு கோப்பை கொடுத்ததில்லை. ஒருநாள் கீழே விற்பனைக் கூடத்தை எட்டிப்பார்த்தேன். கண்ணாடி அலமாரியில் அந்த நாற்பது வருடத் தேயிலை டப்பா. அதன் சீட்டில், 'வெயிலில் திறந்த பழைய மரப்பெட்டியின் மணம்' என்று அச்சடித்து, கீழே அவருடைய கையெழுத்து. இரண்டு தடவை படித்துவிட்டு மேலே வந்தேன். மாடி ஏறும்போது ஏனோ அழுகை வந்தது.

நேற்று சாயங்காலம் அவர் தலைகால் புரியாத சந்தோஷத்தோடு வந்தார்.

"முதலாளியம்மா சொல்லிட்டாங்க. இன்னும் எட்டு வருஷத்துக்கு நான்தான். வீடும் நமக்குத்தான்."

என் நெஞ்சிலிருந்த பாரம் இறங்கியது. எழுந்து அடுப்பைப் பற்றவைத்து, வாணலியில் எண்ணெய் ஊற்றி, ஒளித்து வைத்திருந்த வெங்காயத்தை எடுத்துத் தோலை உரித்தேன். "இன்னிக்கு உங்க முன்னாடியே வதக்கப் போறேன். உங்களுக்குத்தான் தெரியப் போறதில்லையே" என்று சிரித்தேன்.

அவர் பாய்ந்து வந்து அடுப்பை அணைத்தார்.

"ஐயோ, வேணாம். எனக்குத் தெரியாது, சரி. உன் மூக்கு என்னாகும்? காலையில தைவான் சரக்கு வருது. இறக்குனதுமே சிட்டிகை எடுத்துட்டு வந்துடுவேன், நீ பாக்கணும்." பிறகு குரலைத் தணித்தார். "செவ்வாக்கிழமை வதக்குறதையும் நிறுத்திடும்மா."

"செவ்வாக்கிழமை உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அப்பல்லாம் எனக்கு மூக்கு இருந்துச்சே. பதினஞ்சு வருஷமாத் தெரியும். உனக்குன்னு அதாவது இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

பதினைந்து வருடம் தெரிந்தே விட்டிருக்கிறார். அந்த நல்ல மனதை எண்ணி உருகுவதா, அதையும் இப்போது பிடுங்கிக்கொள்கிறாரே என்று கத்துவதா? எட்டு வருடம் என்று மட்டும் மனதுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. வேண்டாம் என்று சொன்னால் இந்த வீடு இல்லை, மகளின் படிப்பு இல்லை. அவருக்கும் அது தெரியும். அதனால்தான் அவர் கத்தவில்லை, கெஞ்சினார்.

வெங்காயத்தை இரண்டு பைகளில் கட்டினேன். நாலு மாடி இறங்கித் தெருமுனைத் தொட்டியில் போட்டேன். மறுபடி நாலு மாடி ஏறி வந்து, சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்தேன். உரித்த விரல்களில் மணம் அப்படியே இருந்தது. மூக்கருகில் கொண்டுபோய் மெதுவாக இழுத்தேன். பச்சை வெங்காயத்தின் காரமும், அதற்கடியில் கொஞ்சம் இனிப்பும், இன்னும் அடியில் மண்ணும், ஒவ்வொன்றாகப் பிரித்துச் சொல்ல முடிந்தது.

கூடத்திலிருந்து அவர் குரல் வந்தது. "கையை நல்லாக் கழுவிட்டியா?"

"கழுவிட்டேங்க" என்றேன். கழுவவில்லை.