நானூற்றுப் பன்னிரண்டும் பாஸ்

புது வீடு எப்படி இருக்கிறது என்று பார்க்கப் பழைய வீட்டிலேயே பால் காய்ச்சியவர்களைக் கண்டதுண்டா? இல்லையென்றால் சரவணம்பட்டியில் மதன்குமாரின் அலுவலகத்துக்கு வர வேண்டும்.

வெளிநாட்டு மருத்துவமனை ஒன்றின் நாற்பது வருடப் பழைய மென்பொருளைப் பெரிய மெமரி உள்ள கம்ப்யூட்டருக்கு மாற்றுகிற வேலை. மாற்றும் முன் சோதிக்க வேண்டும். சோதித்தார்கள், பழைய அளவு மெமரியிலேயே. நானூற்றுப் பன்னிரண்டு சோதனையும் பாஸ். பாஸாகாமல் என்ன செய்யும்! மானேஜர் மதன்குமார் கேக் வெட்டினார்.

சண்முகப்ரியாவுக்குக் கேக் இறங்கவில்லை. சோதனை அறிக்கையில் கையெழுத்துப் போட வேண்டியவள் அவள். போட்டால் இந்த மாதமே வேலை நிரந்தரம். வெள்ளகோவிலில் அவள் அப்பா ஊரெல்லாம் சொல்லியாயிற்று. ஆனாலும் பாழாய்ப்போன மனசு கேட்கவில்லை. மெமரியைக் கூட்டி வைத்து ஒருமுறை ஓட்டிப் பார்த்தாள். நோயாளிக்கு எந்த மருந்து ஆகாது என்ற குறிப்பு சத்தமில்லாமல் அழிந்திருந்தது.

அந்தக் காலத்தில் மெமரி சின்னது, அதன் இடங்களுக்கான எண்ணும் சின்னது. கதவு எண் எழுதிய பலகையில் மிச்சமிருக்கும் இடத்தில் ‘நாய் ஜாக்கிரதை’ என்று எழுதுவதுபோல, எண்ணுக்குப் பக்கத்திலேயே அந்தக் குறிப்பையும் திணித்திருந்தான் எவனோ ஒரு சிக்கனக்காரன். இப்போது எண் நீண்டதும் எச்சரிக்கை அழிந்தது. நாய் அங்கேயேதான் இருந்தது.

“ஏனுங்க சார், இதைக் கொஞ்சம் பாருங்க” என்று திரையைக் காட்டினாள்.

மதன்குமாரின் முகம் சுண்டிப்போயிற்று. சோதனைக்காக நோயாளிகள் என்று ஏற்றியிருந்தது அலுவலகத்து ஆட்களின் சொந்த விவரங்களைத்தான். குறிப்பு அழிந்தவர்களில் முதல் ஆள் அவரே. போன வருடம் பென்சிலின் ஊசி போட்டுக்கொண்டு மூன்று நாள் ஐசியூவில் கிடந்தவர். ‘ஆகாத மருந்து: எதுவுமில்லை’ என்றது திரை.

“ஏனம்மணி, எம்பேரு எதுக்கு அதுல? எடுத்துப்போடு. அப்புறம் கையெழுத்துப் போட்டு அனுப்பிச்சுரு.”

தீர்ந்தது பிரச்சினை! மானேஜர் என்றால் சும்மாவா?

சண்முகப்ரியாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மரியாதை மட்டும் குறையவில்லை.

“எடுத்துப்போடறனுங்க சார். அந்த எடத்துல யாரு பேரைப் போடட்டுங்க? உங்க ஊட்ல அம்மா பேருங்களா, பாப்பா பேருங்களா?”

அவர் அறிக்கையை இழுத்தார். ‘பாஸ்’ என்பதைத் தன் பேனாவாலேயே அடித்தார். வேலை இரண்டு மாதம் தள்ளிப்போகும். அதற்கு யாராவது பொறுப்பேற்க வேண்டுமல்லவா? அதே பேனாவால், நிரந்தரமாக்குவோர் பட்டியலில் சண்முகப்ரியாவின் பெயரையும் அடித்தார்.