ஸ்டாக் எண் 76, இயங்கும் நிலையில்

கோகிலவாணி டீச்சர் வேலைக்குத்தான் போனாள். போன அன்றே பள்ளிக்கூடத்தின் ஸ்டாக் ரெஜிஸ்டரில் ஏறிவிட்டாள். வரிசை எண் எழுபத்தாறு. பொருள்: ரோபோ, பெரியது. எண்ணிக்கை: ஒன்று.

இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. நஞ்சப்பன் முறைப்படிதான் செய்தார். அவர் அந்தப் பள்ளியின் கிளார்க். இருபத்தாறு வருடமாக ஒரே நாற்காலி. நாற்காலி எங்கே முடிகிறது, அவர் எங்கே தொடங்குகிறார் என்று இப்போதெல்லாம் சரியாகத் தெரிவதில்லை. அவர் எழுந்தால் நாற்காலியும் கூடவே எழும்.

“பி.எட். முடிச்சிருக்கீங்ளா?” என்று கேட்டார்.

“இல்லீங்க. இன்ஜினியரிங். கம்பெனியில பதினாறு வருஷம் சாஃப்ட்வேர் டெஸ்டிங் பார்த்தேனுங்க.”

“பி.எட். இல்லாம டீச்சர் ரெஜிஸ்டர்ல ஏத்த முடியாதுங்.”

“கோடிங்கும் ரோபோவும் பி.எட்.ல பாடமே இல்லீங்களே.”

“அது பி.எட். படிச்சவங்களுக்குத்தானுங் தெரியும்.”

நஞ்சப்பன் நல்ல மனுஷன். வந்தவளை வெறுங்கையோடு அனுப்ப மனசு வரவில்லை. பேனாவைக் காதில் செருகிக்கொண்டு யோசித்தார்.

“ஓடற கண்டிஷன்தானுங்ளே?”

“ஆமாங்க.”

“வாரண்டி?”

“நாப்பது வயசாச்சுங்க.”

“முடிஞ்சுதுன்னு போட்டுக்கறேன். ஸ்டாக்ல ஏத்திரலாங். மொத வருசம் எல்லாருக்கும் கஷ்டமாத்தான் இருக்கும்.”

சின்ன பிரஷ்ஷை வெள்ளை பெயிண்டில் தோய்த்து, அவளுடைய இடது முழங்கைக்குக் கீழே எண்ணை எழுதினார். அழகான கையெழுத்து. காயும்வரை ஊதியும் விட்டார்.

லேப் சுவரில் ஒரு பலகை இருந்தது. ‘உபகரணங்களுடன் பேசக்கூடாது. உபகரணங்களும் பேசக்கூடாது.’ அதைப் படித்ததும்தான் அவள் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

காரணம் இருக்கிறது. பதினாறு வருடம் அவள் அடுத்தவர் எழுதிய புரோகிராமில் தப்புக் கண்டுபிடித்தாள். கண்டுபிடித்ததைக் கணினியில் பதிவு செய்வாள். தப்புச் செய்தவன் பெங்களூரிலோ போலந்திலோ இருப்பான். ‘இது தப்பு இல்லை, வடிவமைப்பே இப்படித்தான்’ என்று பதில் வரும். முகம் வராது. ஒருநாள் பக்கத்து ஃப்ளாட் பையன் தன் பொம்மை வண்டியோடு வந்தான். வண்டி வட்டமாகவே சுற்றிக்கொண்டிருந்தது. அவள் எதுவும் சொல்லித் தரவில்லை, இரண்டு கேள்வி கேட்டாள். பையன் வயரைப் பார்த்தான், சக்கரத்தைப் பார்த்தான், “ஓ!” என்றான். அந்த ‘ஓ’வைக் கேட்டுவிட்டு அவளால் மறுபடி ஆபீசில் உட்கார முடியவில்லை. ராஜினாமா எழுதிக் கொடுத்தாள். இந்த ‘ஓ’வை தினம் கேட்க வேண்டும், பிள்ளைகள் தன்னை ‘மிஸ்’ என்று கூப்பிட வேண்டும். அவ்வளவுதான் அவள் ஆசை.

ஆறாம் வகுப்பு ‘பி’ பிரிவுக்குத் திங்கள், புதன், வெள்ளி ரோபோ பீரியட். நாற்பது பிள்ளைகள். அந்தப் பாடத்துக்கு டீச்சர் பணியிடம் காலி என்று நேர அட்டவணையில் போட்டிருந்தது. பிள்ளைகளே சீட்டில் கட்டளை எழுதி, கோகிலவாணியின் கையில் வைப்பார்கள். அவள் படித்து, எழுதியபடி செய்வாள். ‘நேராக நட. சுவர் வந்தாலும் நட’ என்று ஒருவன் எழுதினான். அவள் நடந்தாள். அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். சுவர் நகரவில்லை. பத்தொன்பது முறை நெற்றியில் இடித்தபிறகு மணி அடித்தது.

பிள்ளைகள் தங்கமானவர்கள். இடித்த இடத்தில் கைக்குட்டையை நனைத்து வைப்பார்கள். யாரும் பார்க்காதபோது வாயில் கடலை மிட்டாய் திணிப்பார்கள். பேசத்தான் மாட்டார்கள். பலகை இருக்கிறதே. தப்பு சீட்டிலேயே பளிச்சென்று தெரியும், இரண்டாவது வரியில் உட்கார்ந்துகொண்டு அவளைப் பார்த்துச் சிரிக்கும். அவள் வாயை மூடிக்கொண்டு அந்தத் தப்பை அப்படியே செய்வாள். சோற்றை எதிரே வைத்துவிட்டுக் கையைக் கட்டிப்போட்ட கதைதான்.

பீரியட் முடிந்ததும் அவளைப் பீரோவில் வைத்துப் பூட்டுவார்கள். பீரோவுக்குள் கொஞ்சம் நடக்க இடம் இருந்தது. முதல் வாரம் நாலடி. தீபாவளிக்குள் ஒரு தெருவாக நீண்டுவிட்டது. தெருக்கோடியில் ஒரு பேக்கரி. கோயம்புத்தூரில் தெரு என்று இருந்தால் பேக்கரி இல்லாமல் இருக்காது. அவள் போய் டீயும் தேங்காய் பன்னும் சாப்பிட்டுவிட்டு வருவாள்.

சாயங்காலம் அவளுடைய கணவன் செல்வகணபதி வந்து கேட் பாஸில் கையெழுத்துப் போட்டு அவளை வீட்டுக்கு எடுத்துப் போவான். கேட் பாஸில் ‘திருப்பித் தர வேண்டிய பொருள், காலை எட்டரைக்குள்’ என்று இருக்கும். அவன் பம்ப்செட் கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்ப்பவன். அவனுக்கு இது ஒன்றும் விசித்திரமாகப் படவில்லை.

“எங்க கம்பெனில ஒரு மோட்டார் வெளிய போகோணும்னா மூணு கையெழுத்து. இங்க ஒண்ணுதான். பரவால்ல” என்றான்.

ஒருநாள் வண்டியில் வரும்போது கேட்டான். “ரொம்பக் கஷ்டமா இருந்தா பேசாம கம்பெனிக்கே போயிரலாமா, வாணி?”

“அங்க பேசலாம்ங்க. கேக்கத்தான் மொகமில்ல. இங்க நாப்பது மொகம் இருக்கு, பேச முடியல.”

“செரி. நெத்திக்குத் தைலம் வாங்கிக்கலாம்” என்று மெடிக்கல் ஷாப் முன்னால் வண்டியை நிறுத்தினான். அவனுடைய அன்பு எப்போதும் இப்படி ஏதாவது கடை வாசலில்தான் போய் நிற்கும்.

மார்ச் மாதம் ஸ்டாக் சரிபார்க்கும் அதிகாரி வந்தார். பெயர் தாமோதரன். அந்தத் துறையில் இருபது வருடம் ஆனவர்கள் விரல் நுனியிலிருந்து காகிதமாக ஆரம்பிப்பார்கள். இவருக்கு இரண்டு கையும் தோள்வரை காகிதம். ஃபேன் போட்டால் படபடக்கும். அதனால் ஃபேனை நிறுத்தச் சொல்லிவிட்டு, வியர்க்க வியர்க்க லேப் கோடியில் மேசை போட்டு உட்கார்ந்தார்.

“எழுபத்தாறு. ரோபோ, பெரியது. ஓட்டிக் காட்டுங்க” என்றார்.

ஓட்டிக் காட்ட வேண்டியவள் வகுப்புத் தலைவி மதுவந்தி. பதினோரு வயது. காலையிலேயே வந்து, குழாயடியிலிருந்து அதிகாரியின் மேசைவரை மூன்று முறை நடந்து பார்த்துக் கணக்கு எடுத்திருந்தாள். அப்படிக் கவனமான பிள்ளை. சீட்டைக் கோகிலவாணியின் கையில் வைத்தாள். அதில் இருந்தது இவ்வளவுதான். ‘ஒன்று: டம்ளரில் தண்ணீர் பிடி. இரண்டு: பதினான்கு அடி நட. மூன்று: டம்ளரை நீட்டு.’

கோகிலவாணி டம்ளரைத் தளும்பத் தளும்ப நிரப்பிக்கொண்டு நடந்தாள். எட்டாவது அடியில் அவளுக்குச் சந்தேகம் வந்தது. ஒன்பதாவது அடியில் உறுதியாயிற்று. மேசைக்கு இன்னும் ஒரே அடிதான் பாக்கி. சீட்டுப்படி ஐந்து அடி பாக்கி.

நடந்தால், மேசையில் மோதித் தண்ணீர் முழுக்க அதிகாரியின் கைமேல் கொட்டும். தோள்வரை காகிதம். சொன்னதைச் செய்த உபகரணம் என்று அவளுக்கு நல்ல பெயர் கிடைக்கும், ஸ்டாக்கில் இருப்பாள். தப்பு மதுவந்தியின் தலையில் விடியும். நின்றால், சொன்னதைச் செய்யாத உபகரணம். அதைக் கழித்துக் கட்டிவிடுவார்கள்.

பத்தாவது அடியோடு நின்றாள். பதினாறு வருடப் பழக்கம் அவளைச் சும்மா நிற்கவும் விடவில்லை. திரும்பினாள்.

“கண்ணு, யாரு கால்ல அளந்த?”

கையில் எண் எழுதியபிறகு பள்ளிக்கூடத்துக்குள் அவள் பத்து மாதத்தில் பேசிய முதல் பேச்சு இது. நாற்பது பிள்ளைகளும் பலகையைப் பார்த்தார்கள்.

மதுவந்தியும் பலகையைப் பார்த்தாள். பிறகு தன் ஷூவைப் பார்த்தாள்.

“என்ற கால்ல” என்றாள் மெதுவாக.

“நடக்கறது யாரு?”

மதுவந்தி கோகிலவாணியின் செருப்பைப் பார்த்தாள். மறுபடி தன் ஷூவைப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்ததை என்னால் சொல்ல முடியாது, நீங்களும் பார்த்திருக்க வேண்டும்.

“ஓ!” என்றாள்.

ஓடிவந்து சீட்டை வாங்கி, பதினான்கை அடித்துவிட்டுப் பத்து என்று எழுதினாள். கோகிலவாணிக்கு மனசு நிறைந்துவிட்டது. இனி எந்தக் கொட்டகையில் போட்டாலும் சரி என்று டம்ளரை நீட்டினாள்.

அதிகாரி தண்ணீரைத் தொடவில்லை. நியாயம்தானே. ரெஜிஸ்டரில் எழுதினார். ‘பழுது: பேசுகிறது. நடுவில் நிற்கிறது. கழிக்கலாம்.’

“கழிச்சா என்ன செய்வீங்க?” என்று கோகிலவாணி நஞ்சப்பனைக் கேட்டாள்.

“சைக்கிள் ஸ்டேண்டுக்குப் பின்னால வச்சுப் பிரிப்போமுங். நல்ல பாகத்த வேற எதுக்காச்சும் போட்டுக்குவோம்” என்றார் நஞ்சப்பன். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. “உங்களுக்குக் கை ரெண்டும் நல்லா இருக்குதுங். வீணாக விடமாட்டேன்.”

ஆனால் உபயோகிப்பவர் கையெழுத்து இல்லாமல் எந்தப் பொருளையும் கழிக்க முடியாது. விதி அப்படி. மதுவந்தியைக் கூப்பிட்டுப் படிவத்தை நீட்டினார்கள். ‘இந்த உபகரணம் வேலை செய்யவில்லை’ என்று அச்சடித்திருந்தது. கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு.

மதுவந்தி படித்தாள். இரண்டாம் முறையும் படித்தாள்.

“சார், இதுல தப்பு இருக்குதுங்.”

“அச்சடிச்ச ஃபாரத்துல எப்படிம்மா தப்பு இருக்கும்?” என்றார் அதிகாரி.

அவள் பேனாவைத் திறந்தாள். அச்சடித்த வரியை அடித்தாள். மேலே தன் கையெழுத்தில் எழுதினாள். ‘வேலை செய்கிறது. நாங்கள் எழுதிய தப்பை மட்டும் செய்யவில்லை.’

அதிகாரி அதை நாலு முறை படித்தார். காகிதக் கையால் நெற்றியைத் துடைத்ததில் ஒரு விரல் லேசாக நைந்தது.

“நஞ்சப்பன், இது உபகரணம் இல்ல போலிருக்கே. சொன்னத அப்படியே செய்யாததெல்லாம் எந்த ரெஜிஸ்டர்ல வரும்?”

“ரெண்டுலதானுங் வரும். ஒண்ணு டீச்சர் ரெஜிஸ்டர். அதுக்கு பி.எட். வேணும்.”

“இன்னொண்ணு?”

“பசங்க ரெஜிஸ்டருங்.”

“அதுல ஏத்துங்க.”

“டி.சி. வேணுங்ளே.”

கோகிலவாணியின் கைப்பையில் பழைய கம்பெனி கொடுத்த ரிலீவிங் லெட்டர் இருந்தது. ‘தானாக விலகிக்கொள்கிறார், நடத்தை திருப்திகரம்’ என்று அதில் எழுதியிருந்தது. நஞ்சப்பன் வாங்கிப் படித்துவிட்டு, எங்கள் பள்ளி டி.சி.யில் இவ்வளவு நல்ல வார்த்தை போடமாட்டோம் என்றார். மண்ணெண்ணெயில் துணியைத் தோய்த்து அவள் கையிலிருந்த எண்ணைத் துடைத்தார். ஆறாம் வகுப்பு ‘பி’ பிரிவு, வரிசை எண் நாற்பத்தொன்று.

பெண் பிள்ளைகளுக்கு இரட்டைச் சடை கட்டாயம். திங்கட்கிழமை காலை செல்வகணபதி பின்னிவிட்டான். மூன்று முறை அவிழ்த்துப் பின்னியும் நரை எல்லாம் ஒரே பக்கம் போய்ச் சேர்ந்துகொண்டது.

“ரிப்பன் சமமா இருக்குது. அது போதும்” என்றான்.

“அங்க உக்காந்து நான் என்னங்க பண்ணப்போறேன்?”

“படி” என்றான். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவனுக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

மூன்றாவது பீரியட் ரோபோ. டீச்சர் பணியிடம் இன்னும் காலி. கோகிலவாணியை உயரத்தைப் பார்த்துக் கடைசி பெஞ்சில் போட்டிருந்தார்கள். பெஞ்சு சின்னது, முட்டி இடித்தது. டீச்சராக வந்து உபகரணமாகி, உபகரணத்திலிருந்து மாணவியாக இறங்கியாயிற்று, இனி இறங்க என்ன இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

மதுவந்தி வருகைப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு முன்னால் போய் நின்றாள். ஒன்றிலிருந்து நாற்பதுவரை கூப்பிட்டாள். நாற்பது பேரும் உள்ளேன் என்றார்கள்.

“நாப்பத்தொண்ணு. கோகிலவாணி.”

அவள் எழுந்து நின்றாள். “உள்ளேன்.”

மதுவந்தி குறித்துக்கொண்டு பதிவேட்டை மூடினாள். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கூட மாணவியாக இருப்பவளோடு பேசக்கூடாது என்று எந்தப் பலகையிலும் எழுதவில்லை. எல்லாருமாக எழுந்தார்கள். பெஞ்சுகளைத் தூக்கி, ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டார்கள். கரும்பலகை முதுகுக்குப் பின்னால் போயிற்று. நாற்பது முகமும் கடைசி பெஞ்சைப் பார்த்து உட்கார்ந்தன.

முதல் வரிசையாகிவிட்ட இடத்தில் இருந்த மதுவந்தி கையைத் தூக்கினாள்.

“மிஸ், ஒரு சந்தேகம்.”

கோகிலவாணிக்கு அழுகை வந்தது. மாணவிகள் வகுப்பில் அழலாம், அதற்குத் தடையில்லை.

“ரோபோ வண்டி போற வழில நாய் படுத்திருந்தா என்னன்னு எழுதறதுங் மிஸ்?”

அவள் ரிப்பன் நுனியில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“தூங்குதா, முழிச்சுட்டு இருக்குதா?” என்று கேட்டாள்.