முதுகில் தெரிந்த வட்டங்கள்

மாமனாரைக் கட்டிலிலிருந்து கதிரைக்கு மாற்றும்போதெல்லாம் அக்னெஸ் மூச்சை அடக்கிக்கொள்வாள். பாரிசவாதத்தில் ஒரு பக்கம் விழுந்துபோன எமிலியானுஸ் நல்ல மனிதர்தான். ஆனால் நல்ல மனிதருக்கும் எடை உண்டு. அவரைத் தூக்கி, துடைத்து, இருத்திவிட்டு, புலம்பெயர்ந்து வந்த ஊரின் பனிக்குள் பஸ்ஸுக்கு நின்று, ஹோட்டலில் கட்டில் விரிக்கப் போவாள். அங்கேயும் குனிவுதான்.

இடுப்புக்குப் பின்னால் நாரி நோகிறது என்று கணவன் அன்டனிடம் எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தாள். தைலத்தைப் பூசிப்போட்டுப் படு என்பதற்கு மேல் அவனிடம் வைத்தியம் இருக்கவில்லை. அவனும் பாவம், தொழிற்சாலையில் நின்று களைத்து வருகிறவன். என்றாலும் தகப்பனைத் தூக்குவது மருமகளின் வேலை என்பது யாரும் சொல்லாமலே அந்த வீட்டில் சட்டமாகிவிட்டது. முடியாது என்றால் மாதா கோயில் சனம் என்ன சொல்லும் என்று அவளும் பயந்தாள்.

கடைசியில், கூட வேலை செய்த சீனப் பெண் ஒருத்தி அவளை நகரின் வில்லரேப் பகுதியில் ஒரு சீன வைத்தியரம்மாவிடம் கூட்டிப்போனாள். அவர் நாரியிலும் காலிலும் மெல்லிய ஊசிகளைக் குத்தி, அசையாமல் படுக்கச் சொன்னார். படுத்தவளுக்குக் கண்ணீர் வந்தது. ஊசி நோகவில்லை, பகலில் படு என்று தன்னிடம் ஒருவர் சொல்லி எவ்வளவு காலம் என்று நினைத்து அழுதாள். பிறகு சூடுகாட்டிய கண்ணாடிக் குவளைகளை அவர் முதுகில் கவிழ்க்க, அவை தோலை இழுத்துப் பிடித்தன. இந்த வட்டங்கள் சில நாளில் மறையும், நோவும் குறையும், ஆனால் பாரம் தூக்கினால் திரும்ப வரும் என்று அரைகுறைப் பிரெஞ்சில் சொல்லி அனுப்பினார். அன்று பின்னேரமே மாமனார் படுக்கையை நனைத்துவிட்டார். தூக்காமல் என்ன செய்வது?

அந்தச் சனிக்கிழமை ஒரு கலியாண வீடு. பெண்கள் சேர்ந்து சேலை உடுத்தும் அறையில், அக்னெஸின் முதுகிலிருந்த கருநீல வட்டங்களைக் கோயிலுக்கு வருகிற பிலோமினம்மா கண்டுவிட்டார். கண்டவர் அவளிடம் கேட்கவில்லை, மற்றவர்களிடம் சொன்னார். சாப்பாடு முடிவதற்குள், அன்டன் பெண்சாதிக்கு அடிக்கிறானாம் என்ற கதை மண்டபத்தைச் சுற்றி வந்துவிட்டது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூடலாமா?

வீட்டுக்கு வந்த அன்டன் கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"பாதர் என்னைத் தனியக் கூப்பிட்டுக் கேட்டவர். என்ர மரியாதை போச்சு. உது என்ன அடையாளம்?"

அக்னெஸ் சீன வைத்தியத்தைப் பற்றிச் சொன்னாள். அப்படியென்றால் நாளைக்குப் பூசை முடிய எல்லாருக்கும் அதைச் சொல் என்றான் அவன். அவளுக்குக் கோபம்கூட வரவில்லை, அவ்வளவு களைப்பு.

"சொல்லுறன். நாலு வட்டத்தைக் கண்ட உடன ஊரே உங்களைக் கேட்டுது. நாரி நோகுது எண்டு நான் இவ்வளவு வருசமாச் சொல்ல, இந்த வீட்டில ஒருத்தரும் என்னைக் கேக்கேல்லை. அடிச்சாத்தான் நோகும் எண்டு நினைக்கிறியளோ?"

உள்ளறையில் எமிலியானுஸ் முனகினார். பழக்கத்தில் எழும்பப் போனவளை இருக்கச் சொல்லிவிட்டு அன்டன் போனான். தகப்பனின் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினான். பாதியிலேயே இடுப்பில் சுளீரென்று பிடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அவரைக் கதிரையில் இருத்திவிட்டு, சுவரைப் பிடித்தபடி திரும்பி வந்தான்.

அக்னெஸ் தைலப் போத்தலை எடுத்து நீட்டினாள். அதை வாங்கி, பூசாமலே மேசையில் வைத்தான்.

"இந்தத் தைலம் மட்டும் காணாது, அக்னெஸ். இனி அப்பாவை நான் தூக்கிறன். நான் இல்லாத நேரத்துக்கு அரசாங்கத்திட்ட உதவிக்கு ஆள் கேப்பம். சனம் சொல்லுறதைச் சொல்லட்டும். வைத்தியம் நோவைத்தான் எடுக்கும். பாரத்தை வீட்டில இருக்கிறவைதான் எடுக்கவேணும்."