தீக்காயம் என்றால் பரவாயில்லை

"கைய நீட்டுடி. மாப்பிள்ளை வீட்டுக்காரக வந்து எறங்கிட்டாக."

பாலம்மாள் சேலை முந்தியை அவிழ்த்து, பட்டாசுக் கம்பெனியிலிருந்து முடிந்து கொண்டுவந்த அலுமினியப் பொடியை மகளின் புறங்கைகளில் தேய்த்தாள். முத்துச்செல்வியின் வெண்புள்ளிகள் அந்தச் சாம்பல் நிறத்துக்குள் மறைந்தன. தாயில்பட்டியில் கம்பெனிக் கையை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை.

"பன்னெண்டுக்குள்ள விருதுநகர்ல இருக்கணும்மா. பொண்ணு பாக்க வாராகன்னு போன ரெண்டு தடவையும் விடல. இன்னைக்கும் போகலைன்னா மறுபடி மொதல்லருந்து வைக்கணும்னு நர்ஸக்கா சொல்லிருச்சு."

"வெளிச்சம் எங்கயும் ஓடிப் போகாது. மாப்பிள்ளை போயிருவாரு."

பெரியாஸ்பத்திரியில் வாரம் இரண்டு நாள் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, நீல வெளிச்சம் எரியும் பெட்டிக்குள் கைகளை வைக்க வேண்டும். ஆறு மாதம் வைத்ததில், வெள்ளைக்கு நடுவே கடுகு கடுகாகப் பழைய நிறம் முளைத்திருந்தது. அதை முதலில் பார்த்த அன்று பஸ்ஸிலேயே அழுதுவிட்டாள். ஊருக்குத் தையல் கிளாஸ் என்று சொல்லியிருந்தார்கள்.

மாப்பிள்ளையின் தாய் செல்லத்தாய், முத்துச்செல்வி நீட்டிய காப்பியை வாங்கினாள். டம்ளர் விளிம்பிலும் பொடி ஒட்டியிருந்தது. அதை அவள் ஊதி ஊதிக் குடித்தாள்.

"வேலையிலருந்து நேரா வந்திருக்கா போல. உழைக்கிற கை மதினி. எங்களுக்குப் பிடிச்சிருக்கு."

மணி பத்தரை ஆகப் போகிறது. முத்துச்செல்வி கொல்லைக்குப் போய்ச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, ஈரக் கையோடு வந்து பையை எடுத்தாள். வெளிச்சத்துக்கு வரும்போது கையில் எதுவும் பூசியிருக்கக் கூடாது என்பது நர்ஸ் ஆஷ்லின் சொன்ன முதல் பாடம்.

செல்லத்தாய் பார்த்துவிட்டாள். "என்னது அது, தீக்காயமா?"

"ஆமா மதினி." பாலம்மாள் முந்திக்கொண்டாள். "போன வருசம் ஷெட்டுல தீப்பிடிச்சப்ப பட்டது."

"அதான பாத்தேன். தீக்காயம்னா பரவால்ல. நம்ம பக்கம் தீ தொடாத கை எங்கன இருக்கு?"

வெந்த கைக்கு அவ்வளவு மரியாதை. முத்துச்செல்வி இரண்டு கைகளையும் செல்லத்தாயின் முன் நீட்டினாள்.

"தீக்காயம் இல்ல அத்த. வெண்புள்ளி. ஆஸ்பத்திரில வெளிச்சம் வைக்காக, கொணமாகிட்டு வருது. தொட்டா ஒட்டாது."

செல்லத்தாய் டம்ளரைத் தரையில் வைத்தாள். வாசலுக்குப் போய் மூன்று தடவை வாய் கொப்பளித்துத் துப்பினாள். பொடியை ருசித்துக் குடித்தவளுக்குப் புள்ளிதான் அருவருப்பாகப் போயிற்று. வந்தவர்கள் சொல்லிக்கொள்ளாமல் வேனில் ஏறினார்கள்.

பாலம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். "தீக்காயம்னு ஒத்த வார்த்தை ஒத்துக்கிட்டிருந்தா முடிஞ்சிருக்குமேடி."

"அப்ப இந்த ரெண்டு கையையும் அடுப்புல வச்சுக்கிட்டா கல்யாணம் ஆயிருமாம்மா?"

பாலம்மாள் மகளின் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

என்ன பேச்சுடி பேசுற என்றாவது அம்மா திட்டுவாள் என்று முத்துச்செல்வி வாசலில் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். திட்டவில்லை. விருதுநகர் பஸ் வந்தது. ஏறினாள்.