இர்மேலியின் கடைவாய்ப் பல்

1

இந்தக் கதை என் சரக்கு இல்லை. தாம்பரே ஊரின் ஏரிக்கரையில், பெண்களுக்கான நீராவிக் குளியலறையான சவுனாவில், உடம்பில் ஒட்டுத்துணி இல்லாமல் வியர்த்துக்கொண்டிருந்தபோது இர்மேலி சொன்னது. ஆகவே பிழைகள் என்னுடையவை, கெட்ட வார்த்தைகள் அவளுடையவை. பாதியை வெட்டிவிட்டேன்.

"எழுது. ஆனா என்னைச் சாகடிச்சே, அப்புறம் இந்தப் பக்கம் வராதே," என்றாள்.

2

முதல் தொடக்கம்: அறுபத்தேழு வயதிலும் மான்போல் துள்ளியோடும் இர்மேலி...

(நிறுத்திவிட்டேன். மானாவது! காகித ஆலையில் கிரேன் ஓட்டியவள். ஓட்டத்திலும் கிரேன்தான்: கிளம்ப நேரமாகும், கிளம்பிவிட்டால் யாரும் குறுக்கே போகக்கூடாது.)

இரண்டாவது, உண்மைக்குக் கொஞ்சம் பக்கம். பனி உருகிச் சேறாகிக் கிடந்த வசந்தகாலம். ஊருக்கு மேலுள்ள மேட்டில் பாதி ஏறியதும் இர்மேலிக்குக் கீழ்த்தாடையில் வலி வரும். நின்றால் போய்விடும். கடைவாய்ப் பல் என்று அவளே தீர்ப்பளித்துப் பல் டாக்டரிடம் போனாள். பல் நன்றாக இருக்கிறது என்றார் அவர். அவரை நம்பாமல், வாயில் கிராம்பை அடக்கிக்கொண்டு ஓடினாள்.

3

அவளுடைய தோழி தூலிக்கியைக் கதையின் கோமாளியாக வைத்துக்கொள்ளலாம் என்றிருந்தேன். எப்போதும் பின்னால் வருபவள், வழியெல்லாம் பேசுபவள். ஆனால் ஒரு நாள் மேட்டில் அவள் ஓட்டத்தையே நிறுத்திவிட்டாள்.

"ஏண்டி, மேடு ஏறினா மட்டும் வலிக்கிற பல்லு எந்த ஊர்ல இருக்கு?"

"என் வாயில இருக்கு. ஓடு."

"மூஞ்சி வெளுத்துப்போச்சு. குமட்டுதா?"

"காலைல தின்ன மீனு."

"இது நெஞ்சு சமாச்சாரம்டி."

"நெஞ்சு வலிக்கவே இல்லையே. மாரடைப்புன்னா நெஞ்சப் பிடிச்சுக்கிட்டு விழணும். சினிமால பாத்ததில்ல?"

"சினிமால விழறவன்லாம் ஆம்பள."

இர்மேலி இன்னும் ரெண்டு எட்டு வைத்தாள். பிறகு ஈரப்பாசியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தூலிக்கி ஆம்புலன்ஸை அழைத்தாள். அது வரும்வரை இர்மேலி அவளைத் திட்டினாள், ஆம்புலன்ஸைத் திட்டினாள், புதுச் சட்டையைக் கத்தரித்துவிடுவார்கள் என்று புலம்பினாள். தூலிக்கியின் கையை மட்டும் விடவில்லை.

(இதை எழுதக்கூடாது என்றாள். எழுதிவிட்டேன்.)

4

இதயத்துக்குப் போகும் ரத்தக்குழாய் ஒன்றில் பெரிய அடைப்பு. ஸ்டென்ட் வைத்தார்கள்.

"நான் மழை, பனின்னு பாக்காம ஓடுறவ. எனக்கெப்படி?" என்று டாக்டரம்மாவிடம் சண்டைக்குப் போனாள்.

"ஓடுறது நல்லதுதான். அதுக்காக அடைப்பே வராதுன்னு இல்லைங்க. பொம்பளைங்களுக்குத் தாடை, முதுகு, அசதி, குமட்டல்னு வேஷம் மாத்தியும் வரும். கடைசியா கொலஸ்ட்ரால் எப்ப பாத்தீங்க?"

"நம்ம நாட்டுக்கு யூரோ வர்றதுக்கு முன்னாடி."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. கோடை முழுக்க நடை. அதன்பிறகு மெல்லோட்டம், அதுவும் துணையோடு. வலி எங்கே வந்தாலும் நிற்க வேண்டும்.

5

இனி முடிவு.

(அ) இலையுதிர்காலப் பந்தயத்தில் இர்மேலி முதலாவதாக வந்தாள். பொய். அவளுக்குப் பின்னால் வந்தது தூலிக்கி மட்டும்தான்.

(ஆ) ஏரியை வெறித்துப் பார்த்தாள், வாழ்க்கை என்பது... நேற்று சவுனாவில் இதைச் சொல்லிக் காட்டியபோது இர்மேலி சிரித்த சிரிப்பில் கீழ்ப்பெஞ்சிலிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அது கிடக்கட்டும். மேல்பெஞ்சுக்கு ஏறி வர்றப்ப முதுகப் பிடிச்சியே, ஏன்?" என்றாள்.

"நாளெல்லாம் நாற்காலில உக்காந்து எழுதுறேன்ல."

"உக்காந்திருக்கப்ப வலிக்குதா, ஏறுறப்ப வலிக்குதா?"

உட்கார்ந்திருக்கும்போதுதான் என்று சொல்ல வாயெடுத்தேன், ஆனால் வலித்தது ஏறும்போது மட்டும்தான்.

அதற்குள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தூலிக்கி எழுந்து துண்டைத் தேடத் தொடங்கியிருந்தாள். மருத்துவ உதவி எண்ணை அழைத்தவளும் அவள்தான். இப்போது வலி இல்லை என்றால் காலையில் முதல் ஆளாக ஆஸ்பத்திரிக்கு வரச்சொன்னார்களாம். வலி திரும்ப வந்தால் உடனே ஆம்புலன்ஸாம்.

இதோ, விடிந்துவிட்டது; என்னைக் கூட்டிப்போகக் கீழே வாசலில் இரண்டு பேரும் வந்து நிற்கிறார்கள். இர்மேலி அழைப்புமணியிலிருந்து விரலை எடுக்கவில்லை. நான் மாடிப்படி இறங்க வேண்டும். இறங்கும்போது எனக்கு வலிப்பதே இல்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.