ஒட்டாத தீர்த்தம்

பானட்டின் மேல் விழுந்த தீர்த்தம் முத்து முத்தாகத் திரண்டது. ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஹெட்லைட் ஓரமாக ஓடித் தரையில் குதித்தது. பார்த்துக்கொண்டிருந்த டிபெரியுவுக்குப் புல்லரித்தது. பதினைந்து வருடமாகக் கார்களுக்குப் பாலிஷ் போட்டே பிழைக்கிறவன் அவன். மற்றவர்கள் சூரிய அஸ்தமனம் பார்த்து நெகிழ்வதைப் போல இவன் பானட்டில் தண்ணீர் ஓடுவதைப் பார்த்து நெகிழ்வான்.

"நிக்கல," என்றாள் புரோஃபிரா.

கார் அவளுடையது. ஐம்பத்தொன்பது வயது. பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பது வருடம் கரண்டி பிடித்தவள், போன மாதம்தான் ஆறாவது தடவையாகப் பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கினாள். கையோடு ஒரு பழைய கறுப்பு டாசியா காரையும் வாங்கினாள். திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு, காட்டோரத்தில் இருக்கும் பிள்ளைகள் விடுமுறை முகாமில் தலைமைச் சமையல்காரியாகச் சேர வேண்டும். இருபது கிலோமீட்டர். அந்தப் பக்கம் பஸ் கிடையாது. வண்டி ஓட்டினால் வேலை உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

வண்டியைப் புதுசு போல ஆக்கித் தரச் சொல்லி வியாழக்கிழமை டிபெரியுவிடம் விட்டிருந்தாள். எங்கள் பர்லாட் ஊரில் புது வண்டியோ பழைய வண்டியோ, பாதிரியார் வந்து தெளிக்காமல் யாரும் முதல் கியர் போடமாட்டார்கள். சிலர் சைக்கிளுக்கே கூப்பிடுவார்கள். அதனால் சனிக்கிழமை காலை, டிபெரியுவின் பட்டறை வாசலுக்கே கெராசிம் பாதிரியார் பித்தளை வாளியோடு வந்துவிட்டார்.

"கொஞ்சமா தெளிச்சிருப்பேன்மா," என்று சொல்லி, துளசிக் கொத்தை வாளியில் ஆழமாக முக்கி, இன்னும் பலமாக வீசினார். பாதி பானட்டில் விழுந்தது, பாதி டிபெரியுவின் மூஞ்சியில். பானட்டில் விழுந்தது ஓடிப்போனது. மூஞ்சியில் விழுந்தது அப்படியே நின்றது.

"பாத்தீங்களா சாமி? இவன் மேலகூட நிக்குது. வண்டி மேல நிக்கல."

இந்த இடத்தில் டிபெரியு வாயை மூடிக்கொண்டிருந்தால் கதை இத்தோடு முடிந்திருக்கும். ஆனால் தன் வேலையைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் அவன் வாய் அவன் சொல்பேச்சு கேட்காது.

"அக்கா, அதுதானே இதோட விசேஷமே! நான் மேல போட்ட சீலன்ட் பூச்சு அப்படி. இன்னும் ஒரு வருஷத்துக்கு இந்த வண்டி மேல எதுவுமே ஒட்டாது!"

புரோஃபிரா மூன்று முறை சிலுவை போட்டுக்கொண்டாள். "தீர்த்தமே ஒட்டாதுங்கறான். அவனே சொல்றான்."

"ஆசீர்வாதம் ஜெபத்துல இருக்கும்மா," என்றார் பாதிரியார். "தண்ணி ஓடினாலும் பரவாயில்ல."

"அப்ப வாளி எதுக்கு சாமி?"

இருபத்தெட்டு வருடமாக அந்த வாளியைத் தூக்கிக்கொண்டு அலைகிறவர், முதல் தடவையாக அதற்குள் எட்டிப் பார்த்தார். பதில் அங்கேயும் இல்லை. ஆகவே டிபெரியுவை முறைத்தார்.

புரோஃபிரா சாவியை மேஜைமேல் வைத்தாள். "வித்துடு தம்பி. ஆசீர்வாதத்தை உதறித் தள்ற வண்டியில நான் ஏறமாட்டேன். திங்கக்கிழமை வரலேன்னு முகாமுக்குப் போன் பண்ணிடறேன்."

"ஐயோ அக்கா, போன் மட்டும் பண்ணாதீங்க! சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் டைம் குடுங்க. தீர்த்தம் நிக்கும். நான் நிக்க வைக்கறேன்."

"எனக்கு ரெண்டு ஞானஸ்நானம் இருக்கு," என்றார் பாதிரியார். "அஞ்சுக்கு வரேன். ஆறு மணிக்கு மாலை ஜெபம். அதுக்குள்ள உன் வித்தையைக் காட்டு."

அவர்கள் போனதும் உள்ளேயிருந்து ஸ்மரண்டா வந்தாள். டிபெரியுவின் மனைவி. பட்டறையில் போன் எடுப்பது, நாள் குறிப்பது, புருஷனிடம் உண்மையைச் சொல்வது ஆகிய மூன்றும் அவள் பொறுப்பு.

"அந்தம்மாவுக்கு வேலை போச்சுன்னா உன் பாலிஷாலதான் போச்சுன்னு ஊரே பேசும்," என்றாள். "பேசறது கிடக்கட்டும். எனக்கே மனசு கேக்காது."

"எனக்கு மட்டும் கேக்குமா? என் வாழ்நாள்லயே நான் போட்டதுல சிறந்த வேலை அது. தெரியுமா?"

"அதான் பிரச்சனை. சுமாரா போட்டிருக்கலாம்ல."

பட்டறைச் சுவரில் ஒரு பழைய பானட் தொங்கும். புதுப் பாட்டில் எது வந்தாலும் முதலில் அதன்மேல்தான் பூசிப் பார்ப்பான். அதை இறக்கித் தரையில் போட்டு, டேப் ஒட்டிப் பட்டை பட்டையாகப் பிரித்தான். அலமாரியில் பதினான்கு பாட்டில்கள். ஒவ்வொன்றின் குணமும் அவனுக்கு மாமியார் குணம் போல அத்துப்படி.

முதல் பட்டையில் மெழுகு. ஸ்மரண்டா டம்ளரிலிருந்து தண்ணீர் தெளித்தாள். குண்டு குண்டாக உருண்டது.

"ஓடுது."

இரண்டாவதில், வேறொரு சீலன்ட். சின்னச் சின்ன முத்து.

"ஓடுது. இது இன்னும் வேகமா ஓடுது."

மூன்றாவதில் செராமிக் பூச்சு. தண்ணீர் விழுந்ததா இல்லையா என்றே தெரியவில்லை. துளிகள், மேலதிகாரியைக் கண்ட குமாஸ்தாக்கள் போலக் கலைந்து மறைந்தன.

"ஒண்ணுமே போடாம வெறும் பெயிண்ட்டா விட்டுட்டா?" என்றாள் ஸ்மரண்டா.

ஸ்பிரிட் தொட்டு ஒரு பட்டையைத் துடைத்துப் பார்த்தான். தண்ணீர் தட்டையாக, சோம்பேறித்தனமாகப் படுத்துக்கொண்டது. "நிக்குது. ஆனா அவங்க வீட்டு வாசல்ல லிண்டன் மரம். இந்த மாசம் பூரா பிசின் கொட்டும், மேல குருவி வேற. வெறும் பெயிண்ட்ல விட்டா ரெண்டே மாசத்துல வண்டி மூஞ்சி அம்மை வடுவாயிடும். அப்படி விட்டுட்டு என்னால தூங்க முடியாது."

அப்போதுதான் அலமாரியின் அடித்தட்டில், தூசி படிந்த பதினான்காவது பாட்டில் கண்ணில் பட்டது. மூன்று வருடத்துக்கு முன் புக்கரெஸ்ட் கண்காட்சியில், லேபிளில் இருந்த ஜப்பானிய எழுத்துக்களின் அழகில் மயங்கி, எதற்கென்று படிக்காமலே வாங்கியது. முதலில் யாருடைய வண்டிக்கு அதைப் பூசினானோ அவர், தண்ணீர் முத்தாகவில்லை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். அன்று அடித்தட்டுக்குப் போன பாட்டில் பிறகு மேலே வரவே இல்லை.

ஒரு பட்டையில் பூசிக் காயவிட்டார்கள். ஸ்மரண்டா தெளித்தாள். துளிகள் விழுந்தன, விரிந்தன, கைகோத்தன, மெல்லிய துணி விரித்ததுபோல அப்படியே படர்ந்து நின்றன.

"நிக்குது டிபி!"

டிபெரியு முதல் தடவையாக லேபிளை முழுவதும் படித்தான். பின்பக்கம் சின்ன எழுத்தில் அவனுக்குப் புரிகிற பாஷையிலும் இருந்தது. முத்தாக நிற்கும் துளி வெயிலில் அங்கேயே காய்ந்தால் வட்ட வட்டமாகக் கறை விடும். படர்ந்து நிற்கும் தண்ணீர் அப்படி விடாது, மழை வந்தால் அழுக்கையும் இழுத்துக்கொண்டு இறங்கும். வெயிலில் நிற்கும் அடர்நிற வண்டிகளுக்கு உகந்தது.

அவன் பாட்டிலைக் கீழே வைத்தான்.

"என்ன?" என்றாள் ஸ்மரண்டா.

"வாசல் வெயில்ல நிக்கப்போற கறுப்பு வண்டி. இதைத்தான் முதல்லயே போட்டிருக்கணும். அவங்களுக்கு என்ன வேணும்னு நான் யோசிக்கவே இல்ல. எனக்கு முத்து பிடிக்கும், அதனால முத்து போட்டேன்."

"கல்யாணத்துக்கு முன்னாடி எனக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் குடுத்த மாதிரி. பிஸ்தா. எனக்குப் பிஸ்தா ஆகாது."

பழைய பூச்சை எடுக்க வேண்டும். பெயிண்ட் கனம் பார்க்கும் மீட்டரை வைத்தான். கூரையில் நூற்றுப்பத்து மைக்ரான். பானட் ஓரத்தில் எழுபத்தெட்டு. முன்னால் வைத்திருந்த ஆள் யாரோ ஆவேசமாகத் தேய்த்திருக்கிறான். பெயிண்டைக் கனமாகச் சீவும் பாலிஷ் பக்கமே போகக் கூடாது. இருப்பதிலேயே மென்மையான பாலிஷை எடுத்து, மெத்தென்ற கறுப்பு ஸ்பாஞ்சில் பட்டாணி அளவு நான்கு சொட்டு வைத்து, மெஷினைத் தாலாட்டுகிற வேகத்தில் நகர்த்தினான்.

"பானட் மட்டும் போதாதா?" என்று விளக்கைப் பிடித்துக்கொண்டே ஸ்மரண்டா கேட்டாள்.

"சாமி சுத்தி வந்து தெளிப்பாரு. கோவத்துல இருக்காரு, டிக்கி வரைக்கும் வீசுவாரு."

மதியச் சாப்பாட்டு முட்டைக்கோஸ் உருண்டைகள் ஆறிப்போயின. வியாழனும் வெள்ளியும் உயிரைக் கொடுத்துப் போட்டதை, சனிக்கிழமை அதே உயிரைக் கொடுத்து எடுத்தான். ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, ஜப்பான்காரன் பூச்சை ஏற்றி முடித்தபோது மணி நாலு. இன்னும் ஒரு மணி நேரம் ஈரம் படக்கூடாது. அந்த ஒரு மணி நேரமும் விசிறியோடு உட்கார்ந்து, பக்கத்தில் வந்த ஈயை எல்லாம் பெயர் சொல்லித் திட்டினான்.

ஐந்து மணிக்குப் பாதிரியார் வந்தார். பின்னால் புரோஃபிரா. ஜெபம் சொன்னார், துளசியை முக்கினார், வீசினார். தீர்த்தம் பானட்டில் விழுந்து, படர்ந்து, பளபளவென்று நின்றது. கூரையில் நின்றது. டிக்கியிலும் நின்றது.

பாதிரியார் முகம் மலர்ந்தது. "இதைக் கோயில் கதவுக்கும் பூச முடியுமாப்பா?"

எல்லோரும் புரோஃபிராவைப் பார்த்தார்கள். அவள் வண்டியைச் சுற்றி வந்தாள். சாவி மேஜைமேலேயே இருந்தது.

"கைப்பிடியில நிக்கல," என்றாள்.

"அது பிளாஸ்டிக் அக்கா."

"டயர்ல?"

"டயர் ரோட்டுல ஓடறது அக்கா."

"கண்ணாடியில..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள். இடது கையில் எதையோ இறுக்கிப் பிடித்திருந்தாள். டிபெரியு உற்றுப் பார்த்தான். லைசென்ஸ் அட்டை. வியர்வையில் நனைந்திருந்தது.

அன்றைக்கு முழுவதும் தான் தேய்த்ததெல்லாம் தேய்க்க வேண்டிய இடத்திலேயே இல்லை என்று அவனுக்கு அப்போது புரிந்தது.

"அக்கா," என்றான், "நான் நாலு தடவை ஃபெயில்."

"எதுல?"

"டிரைவிங்ல. மூணாவது தடவை பரீட்சை ஆபீஸ் கேட்டையே இடிச்சேன். உள்ள நுழையும்போதே. இன்னும் வண்டியை ஸ்டார்ட் பண்ணுன்னுகூட ஆபீசர் சொல்லல."

"நான் சாட்சி," என்றாள் ஸ்மரண்டா. "இருந்தும் கட்டிக்கிட்டேன்."

புரோஃபிராவின் உதடு ஓரத்தில் ஏதோ அசைந்தது. "எனக்கு அந்த வாஸ்லுய் ரோட்டு ரவுண்டானாதான். அஞ்சு தடவையும் அங்கதான் போச்சு. உள்ள போயிடுவேன். வெளிய வரத்தான் தெரியாது. ஆறாவது தடவை அன்னைக்கு அந்த ரோட்டை மூடியிருந்தாங்க, அதனால பாஸ் பண்ணிட்டேன். முகாமுக்குப் போற வழி அதான்."

பாதிரியார் வாளியைக் கீழே வைத்தார். அக்கம்பக்கம் பார்த்தார். "நான் பதினோரு வருஷமா அந்த ரவுண்டானா பக்கமே போறதில்ல. ரயில்வே கேட் வழியா சுத்திப் போறேன். என் மனைவிக்குத் தெரியாது."

புரோஃபிரா சிரித்துவிட்டாள். நன்றாக, வயிறு குலுங்க. சிரிப்பு ஓய்வதற்குள் டிபெரியு சாவியை எடுத்து அவள் கையில் வைத்தான்.

"வாங்கக்கா. ஒரே ஒரு சுத்து. நான் பக்கத்துல உக்காந்துக்கறேன். சாமி பின்னாடி."

"நானா?" என்றார் பாதிரியார்.

"ஆசீர்வாதம் ஜெபத்துல இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க? வாங்க, வந்து ஜெபம் பண்ணுங்க."

ஸ்மரண்டா ஏறவில்லை. "போன் எடுக்க ஒரு ஆளாவது மிச்சம் வேணும்."

வண்டி இரண்டு முறை குதித்து, ஒரு முறை நின்று, பிறகு கிளம்பியது. ரவுண்டானாவுக்குள் புரோஃபிரா அழகாக நுழைந்தாள். முதல் சுற்றில் வெளியே போகும் வழியைப் பார்த்துக்கொண்டே கடந்தாள். இரண்டாவது சுற்றில் சிக்னல் போட நினைத்து வைப்பரைப் போட்டாள். அது ஜப்பான்காரன் பூச்சின்மேல் மிச்சத் தீர்த்தத்தைத் தெறிக்கவிட்டது. மூன்றாவது சுற்றில் ஒரு மர லாரி ஹாரன் அடித்தது. பாதிரியார் கண்ணை மூடிக்கொண்டு, இறந்தவர்களுக்குச் சொல்லும் ஜெபத்தை ஆரம்பித்துவிட்டார்.

"அது வேண்டாம் சாமி, வேற சொல்லுங்க!" என்று கத்தினான் டிபெரியு. "அக்கா, அடுத்தது நம்மளது. லாரிக்காரன் நிக்கறான், பாருங்க, உங்களுக்காகத்தான் நிக்கறான். சிக்னல். அது இல்ல, இந்தப் பக்கம். இப்ப. இப்பக்கா!"

புரோஃபிரா பல்லைக் கடித்துக்கொண்டு திருப்பினாள். வண்டி வெளியே வந்தது. முன்னால் நேர் ரோடு, இரு பக்கமும் சூரியகாந்தி.

பாதிரியார் கண்ணைத் திறந்தார். பிறகு டிபெரியு நிதானமாகச் சொன்னான். "அருமை அக்கா. அதோ அந்தப் பெட்ரோல் பங்க்ல திருப்பிக்கலாம்."

பெட்ரோல் பங்க் வந்தது, போனது.

"அம்மா," என்றார் பாதிரியார், "ஆறு மணிக்கு எனக்கு மாலை ஜெபம்."

"தெரியும் சாமி." அவள் கண்ணை ரோட்டிலிருந்து எடுக்கவில்லை. "திரும்பறதுக்கு இன்னும் தைரியம் வரல. நேரா போறதுக்குத்தான் வந்திருக்கு. முகாம் வாசல் பெருசு, அங்க போய்த் திருப்பிக்கறேன். எப்படியும் திங்கக்கிழமை போகவேண்டிய வழிதானே."

பாதிரியார் அங்கி மடிப்பிலிருந்து போனை எடுத்து, மணியைக் கொஞ்சம் தாமதமாக அடிக்கும்படி கோயில்பிள்ளையிடம் கெஞ்ச ஆரம்பித்தார். டிபெரியுவின் போனும் அடித்தது. ஸ்மரண்டா.

"எங்க இருக்கீங்க? உயிரோடதானே?"

முன்கண்ணாடியில் ஒரு பெரிய பச்சைப் பூச்சி வந்து மோதி, அப்பி, அங்கேயே நின்றது. டிபெரியு அதைப் பார்த்தான். வாழ்க்கையில் முதல் தடவையாகத் துடைக்க வேண்டும் என்று அவனுக்குக் கை பரபரக்கவில்லை.

"நாப்பதுல போயிட்டிருக்கோம்," என்றான். "அக்கா அம்பதைத் தொடப்போறாங்க. அப்புறம் பேசறேன்."